அமானிதமாக வந்த குழந்தை



ஒருவர் வெளியூர்ப் பயணம் புறப்படுகிறார். தம் நகைப் பெட்டியை நம்மிடம் ஒப்படைத்து, "நான் திரும்பும்வரை இது உங்கள் பொறுப்பு" என்று சொல்லிச் செல்கிறார். சில நாட்களில் அந்தப் பெட்டியின் மூடி நசுங்கியிருப்பது நம் கண்ணில் படுகிறது. வீட்டு வேலையாளைக் கேட்கிறோம். "அது முன்பே அப்படித்தான் இருந்தது" என்கிறான். பெட்டியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்காமல், அவன் சொல்லை நம்பி நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மறுநாளும் அப்படியே, அடுத்த நாளும் அப்படியே. உடையவர் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

நாம் திருடவில்லை, உண்மைதான். ஆனால் அமானிதத்தைப் பேணினோம் என்று சொல்ல முடியுமா? சிறிதளவு ஓதியவரும் "இல்லை" என்றே பதில் சொல்வார். அமானிதம் என்பது பொருளை வீட்டில் வைத்திருப்பது மட்டுமன்று. அப்பொருளின் மீது கண் வைத்திருப்பதுமாகும்.

நகைப் பெட்டிக்கே இச்சட்டம் என்றால், உயிருள்ள குழந்தைக்கு? இக்கேள்வியை மனத்திற் கொண்டு, இங்கிலாந்து நாட்டில் நடந்த சில சம்பவங்களையும், அவற்றின் பின் எழுதப்பட்ட விசாரணை அறிக்கைகளையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அந்நாட்டை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. குழந்தைகள் கொடுமைக்குள்ளாவது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால், "எங்கள் கண்முன் ஒரு குழந்தை எப்படிச் செத்தது? நாங்கள் எங்கெங்கே தவறினோம்?" என்று தங்களைத் தாங்களே விசாரித்து, அந்த விடையை அச்சிட்டு ஊரறிய வெளியிடும் வழக்கத்தை அந்நாட்டார் ஏற்படுத்திக்கொண்டார்கள். தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்வது நம் முன்னோர்கள் நமக்குப் போதித்த பண்பு. அதைச் செய்தவர்களிடமிருந்து கற்பதில் நமக்கு வெட்கம் வேண்டாம்.

அறிக்கைகள் தோன்றிய வரலாறு

1973-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமான பிரைட்டனில் மரியா கோல்வெல் என்ற 7 வயதுச் சிறுமி தன் தாயின் கணவனால் அடித்துக் கொல்லப்பட்டாள். அவள் அதற்கு முன் பல ஆண்டுகள் உறவினர் வீட்டில் நன்றாக வளர்ந்தவள். பெற்ற தாயிடமே சேர்ப்பதுதான் முறை என்று கருதித் திருப்பி அனுப்பப்பட்டாள். அதன்பின் அவள் மெலிவதை ஆசிரியர் கண்டார். அழுகுரலை அண்டை வீட்டார் கேட்டனர். பலமுறை புகாரும் செய்தனர். எதுவும் அவளைக் காப்பாற்றவில்லை. 1974-இல் வெளியான விசாரணை அறிக்கைக்குப் பிறகே, குழந்தை பாதுகாப்பில் காவல்துறை, மருத்துவமனை, பள்ளி, சமூக நலத்துறை ஆகிய அனைத்தும் ஒருங்கே கூடிப் பேசும் ஏற்பாடு அந்நாட்டில் உருவாயிற்று.

பத்தாண்டு கழித்து, 1984 ஜூலையில், லண்டனின் பிரென்ட் பகுதியில் ஜாஸ்மின் பெக்ஃபோர்டு என்ற 4 வயதுக் குழந்தை அதே விதமாக இறந்தது. நீதிமன்றம் அக்குழந்தையை நகர மன்றத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. 1985-இல் வெளியான அந்த அறிக்கைக்கு இட்ட தலைப்பு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நம் பேச்சில் சொன்னால், 'அமானிதமாக ஒரு குழந்தை' என்பதே அதன் பொருள். ஒரு வழக்கறிஞர் தலைமையில் அமைந்த குழு, நடந்த தவறு எது என்று தேடிப் போய் இந்தச் சொல்லிலே வந்து நின்றது.

1980-களின் இறுதியிலிருந்து இத்தகைய ஆய்வு அரசின் நெறிமுறையிலேயே இடம்பெற்றது. 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பழைய ஆய்வு முறைக்குப் பதிலாக, உள்ளூர் அளவில் ஒரு மீளாய்வும், நாடு முழுமைக்கும் ஒரு குழுவும் ஏற்பட்டன. யாரைத் தண்டிப்பது என்று தீர்மானிப்பது இவற்றின் வேலையன்று. அது நீதிமன்றத்தின் வேலை. அடுத்த குழந்தையைக் காப்பது எப்படி என்று அறிவதே இவற்றின் வேலை.

விக்டோரியாவின் கதை

இந்த அறிக்கைகளிலெல்லாம் மிக விரிவானது விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியைப் பற்றியது. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ட் நாட்டில் 1991 நவம்பரில் பிறந்தவள் விக்டோரியா. அவளுடைய தந்தைக்கு அத்தை முறையான ஒரு பெண் பிரான்சில் வசித்து வந்தாள். ஊருக்கு வந்த அவள், "உங்கள் பிள்ளைகளில் ஒன்றை என்னிடம் விடுங்கள், ஐரோப்பாவில் படிக்க வைக்கிறேன்" என்றாள். பெற்றோர் நம்பி ஒப்படைத்தனர். வசதியுள்ள உறவினர் வீட்டில் பிள்ளையைப் படிக்க விடுவது அவர்கள் நாட்டு வழக்கம். நம் நாட்டிலும் இல்லாத வழக்கமன்று.

அந்தப் பெண், வேறொரு சிறுமியின் பெயரிலிருந்த கடவுச்சீட்டில் விக்டோரியாவை 1999 ஏப்ரலில் லண்டனுக்கு அழைத்து வந்தாள். அங்கே அக்குழந்தை 'ஆனா' என்றே அழைக்கப்பட்டாள். பெயரே பறிபோன குழந்தை! பிறகு ஒரு பேருந்து ஓட்டுநரோடு அப்பெண் சேர்ந்து வாழத் தொடங்கினாள். அவனுடைய ஒற்றை அறை வீட்டில்தான் கொடுமை முற்றியது. அங்கு இருந்த மாதங்களில் அவளை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. குளிர்காலத்தில், கணப்பு இல்லாத குளியலறையில், குளியல் தொட்டிக்குள் குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டி இரவு முழுவதும் கிடத்தினார்கள். 2000 பிப்ரவரி 25 அன்று 8 வயதில் அவள் இறந்தபோது, உடலில் 128 காயங்களும் தழும்புகளும் எண்ணப்பட்டன.

இத்தனையும் யாருக்கும் தெரியாத மூலையில் நடந்ததா என்றால், இல்லை. நான்கு நகர மன்றங்களின் சமூக நலத்துறை, இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் இரண்டு குழந்தை பாதுகாப்புப் பிரிவுகள், ஒரு தொண்டு நிறுவனத்தின் நிலையம் ஆகிய இத்தனை வாசல்களுக்கும் அவள் விஷயம் போயிருந்தது. பகல் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் மகள், 1999 ஜூலை 14 அன்று, காயங்களைக் கண்டு சந்தேகப்பட்டு அவளை மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். அங்கே பெரிய மருத்துவர் அவற்றைச் சொறி நோயின் அடையாளம் என்று முடிவு செய்தார். பத்து நாட்களில், முகம் வெந்த நிலையில் இன்னொரு மருத்துவமனைக்கு வந்தாள். "அரிப்புக்காகத் தானே வெந்நீரை ஊற்றிக்கொண்டாள்" என்றாள் அத்தை. செவிலியர்கள் உடலில் வேறு பல தழும்புகளைக் கண்டனர். ஆயினும் ஆகஸ்டு 6-ஆம் நாள் அதே பெண்ணின் கையிலேயே குழந்தை திருப்பி ஒப்படைக்கப்பட்டாள்.

அவள் வீட்டைப் பார்க்கச் செல்லவேண்டிய காவலர், சொறி தொற்றிக்கொள்ளுமோ என்று அஞ்சிச் செல்லவில்லை. சமூக நல ஊழியர் சில முறை சென்றார். ஆனால் பேச்செல்லாம் அத்தையோடுதான். அத்தையின் முன் விக்டோரியா விறைப்பாக நின்றதைக் கேள்விப்பட்டு, 'ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை இது' என்று எண்ணிக்கொண்டார். அது மரியாதையன்று, நடுக்கம்.

இறுதியில், உடல் குளிர்ந்து நினைவு தப்பிய நிலையில் அவளை ஒரு வாடகைக் காரில் ஏற்றினார்கள். அந்த ஓட்டுநர் ஒருமுறை அவளைப் பார்த்தார். நேரே ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினார். படித்த பட்டதாரிகள் மாதக்கணக்கில் செய்யாததை ஓர் ஓட்டுநர் ஒரு பார்வையில் செய்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. விக்டோரியா இறந்த அதே நாளில், அவளைப் பற்றிய கோப்பை 'இனி நடவடிக்கை தேவையில்லை' என்று நகர மன்ற அலுவலகம் முறைப்படி மூடியது.

அத்தையும் அவளோடு வாழ்ந்தவனும் 2001 ஜனவரியில் கொலைக் குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றனர். லார்டு லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடிய சந்தர்ப்பங்கள் 12 என்று அது கணக்கிட்டது. 108 பரிந்துரைகளைச் சொன்னது. அச்சந்தர்ப்பங்கள் எதிலும் அபூர்வத் திறமை ஏதும் தேவைப்பட்டிருக்கவில்லை; அவரவர் சாதாரணக் கடமையைச் செய்திருந்தால் போதும் என்பதே அவ்வறிக்கையின் நெஞ்சைச் சுடும் முடிவு.

முதற் பாடம்: பார்த்தார்கள், கேட்கவில்லை

இவ்வறிக்கைகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் முதற் பாடம் இதுதான். பெரியவர்கள் பெரியவர்களோடு பேசினார்கள். குழந்தையோடு பேசவில்லை.

ஜாஸ்மின் வீட்டுக்கு ஊழியர் போகாமல் இல்லை. ஆனால் கடைசிப் பத்து மாதங்களில் குழந்தையைக் கண்ணால் கண்டது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையும், உட்கார்ந்திருந்த குழந்தையின் தொடையெலும்பு முறிந்து போயிருந்தது அவர் கவனத்துக்கு வரவில்லை. பெற்றோர் திருந்தி வருகிறார்களா என்பதிலேயே அவர் கவனம் இருந்தது.

2007 ஆகஸ்டில் லண்டன் ஹாரிங்கே பகுதியில் பீட்டர் என்ற 17 மாதக் குழந்தை இறந்தது. எட்டு மாதங்களில் சுமார் 60 முறை அதிகாரிகளும் மருத்துவர்களும் அக்குழந்தையைக் கண்டிருந்தனர். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு ஊழியர் வந்தபோது, காயங்கள் தெரியாதபடி அதன் முகத்தில் சாக்லேட் பூசப்பட்டிருந்தது. ஒரு துணியை நனைத்து அந்த முகத்தைத் துடைத்துப் பார்த்திருந்தால் போதும்! அறுபது சந்திப்பு எங்கே, ஒரு கைத்துணி எங்கே?

கவென்ட்ரி நகரில் 2012 மார்ச்சில் இறந்த டேனியல் பெல்கா 4 வயதைக் கடந்த சிறுவன். அவன் தாய்மொழி போலிஷ். ஆங்கிலத்தில் அதிகம் பேச வராது. பள்ளியில் குப்பைக் கூடையிலிருந்து உணவை எடுத்துத் தின்றான். "அவனுக்கு உண்ணும் நோய் இருக்கிறது" என்று தாய் சொன்னதை எல்லோரும் ஏற்றனர். இறக்கும்போது அவன் எடை சுமார் 10 கிலோ. 2013-இல் வெளியான அறிக்கை, வீட்டில் அவன் எப்படி வாழ்கிறான் என்று அவனிடமே எவரும் பேசியதற்கு ஒரு பதிவுகூட இல்லை என்று எழுதிற்று. விக்டோரியாவுக்குத் தெரிந்த மொழி பிரெஞ்சு. அவளையும் அவள் மொழியில், தனிமையில், பொறுமையோடு முறையாக விசாரிக்க எவரும் முற்படவில்லை.

வேலையாளின் சொல்லை நம்பிப் பெட்டியைத் திறந்து பார்க்காதவனின் கதைதான் இது. பெட்டிக்கு வாயில்லை. குழந்தைக்கு வாய் இருந்தும் நாம் கேட்பதில்லை.

இரண்டாம் பாடம்: துண்டு துண்டாகக் கிடந்த உண்மை

ஆசிரியர் ஒரு தழும்பைக் கண்டார். மருத்துவர் ஒரு முறிவைக் கண்டார். காவலர் ஒரு சண்டையைக் கண்டார். அண்டை வீட்டார் ஓர் அலறலைக் கேட்டனர். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் உண்டு. குழந்தை என்றால் விழும், அழும், மெலியும். எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதியிருந்தால் மட்டுமே உண்மை தெரிந்திருக்கும். அப்படி எழுத ஆளில்லை. மற்ற துறைக்காரர் கவனித்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணினர்.

ஹதீஸ் கலையில் நம் இமாம்கள் செய்த உழைப்பை இங்கு நினைவுகூரலாம். ஒரு செய்தி வந்தால் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அவர் நேரில் கண்டாரா, கேட்டதைச் சொல்கிறாரா, இன்னொரு வழியில் அது உறுதியாகிறதா என்று சல்லடையிட்டுச் சலித்தார்கள். ஒரு குழந்தையின் உயிரைப் பற்றிய செய்திக்கு அந்த நுணுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு காட்டப்பட்டிருந்தாலும் போதுமாயிருந்தது.

மூன்றாம் பாடம்: நல்லெண்ணம் திரையாகலாகாது

பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொள்வது நமக்குக் கட்டளை. துருவித் துருவிக் குற்றம் தேடுவது விலக்கப்பட்டது. இது நமக்கு நன்கு தெரிந்த பாடம். ஆனால் கண்முன் அடையாளம் தெரிந்த பிறகும் விசாரியாமல் இருப்பதற்கு நல்லெண்ணம் என்று பெயரில்லை. கவனமின்மை என்றுதான் பெயர். மரியாதை குன்றாமல் ஐயத்தையும் கைவிடாமல் இருக்க வேண்டும் என்று லேமிங் அறிக்கை ஊழியர்களுக்குப் புத்தி சொல்கிறது. நல்ல காழி ஒருவரின் இலக்கணமும் அதுவே அல்லவா?

இந்த இடத்தில், மனம் கசந்தாலும் சொல்லியே தீரவேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2023 ஆகஸ்டு 10 அன்று, லண்டனுக்கு அருகிலுள்ள வோக்கிங் நகரில் சாரா ஷரீஃப் என்ற 10 வயதுச் சிறுமியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. குடும்பத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்ட தந்தை அங்கிருந்து தொலைபேசியில் சொன்ன பிறகே காவலர் வந்து பார்த்தனர். உடலில் 70-க்கு மேற்பட்ட காயங்கள். 2024 டிசம்பரில் தந்தையும் சிற்றன்னையும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அக்குழந்தை பிறந்த நாளிலிருந்தே அந்தக் குடும்பத்தை அதிகாரிகள் அறிவர். தந்தையிடம் அவள் வாழலாம் என்று 2019-இல் நீதிமன்றமே அனுமதித்திருந்தது.

2023 ஜனவரியிலிருந்து சாரா தலைத்துணி அணிந்து பள்ளிக்கு வரத் தொடங்கினாள். காயங்களை மறைக்கவே அது அணிவிக்கப்பட்டது என்று பின்னர் வழக்கில் வெளிப்பட்டது. மார்ச்சில் முகத்துக் காயத்தைப் பள்ளியார் கண்டு தெரிவித்தனர். உள்ளாட்சி மன்றம் ஆறே நாட்களில் விஷயத்தை முடித்துவிட்டது. ஏப்ரலில், வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளைத் தினமும் கண்ட கடைசிக் கண்களும் அத்தோடு மூடின.

நாணத்துக்கும் கண்ணியத்துக்கும் அடையாளமாக நாம் போற்றும் துணி, ஒரு கொடுமையை மூடும் திரையாக்கப்பட்டது. குற்றம் துணியின் மீதில்லை. அதை அப்படிப் பயன்படுத்தியவர் மீதே. ஆயினும், 'இது அவர்கள் மார்க்க விஷயம், நாம் கேட்கலாகாது' என்று பிறர் ஒதுங்கினால், அந்த ஒதுங்கல் நம் மார்க்கத்துக்குச் செய்யும் மரியாதையாகாது. நம் குழந்தைகளுக்குச் செய்யும் அநீதியாகும். இதை நாமே முன்வந்து சொல்ல வேண்டும்.

விக்டோரியாவின் கதையிலும் மதத்தின் பெயர் வருகிறது. படுக்கையை நனைக்கும் அக்குழந்தையை, கெட்ட ஆவி பிடித்திருக்கிறது என்று சொல்லி அத்தை தேவாலயங்களுக்கு அழைத்துச் சென்றாள். அங்கும் பிரார்த்தித்தார்கள். தழும்புகளைப் பற்றி உரிய இடத்தில் சொல்லவில்லை. பேய் பிடித்ததாகக் கூறிக் குழந்தைகளைத் துன்புறுத்துவது குறித்து 2007-இல் இங்கிலாந்து அரசு தனி நெறிமுறையே வெளியிட வேண்டியதாயிற்று. ஓதிப் பார்க்கச் சொல்லி நம்மிடமும் பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள். இரவில் அலறும் பிள்ளை, பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளை, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளியும் பிள்ளை. எல்லாம் ஜின்னின் வேலையென்று தண்ணீர் ஓதிக் கொடுத்து அனுப்புமுன், அந்தப் பிள்ளையின் வீட்டிலுள்ள மனிதரைப் பற்றியும் சிறிது யோசிக்கக் கூடாதா?

நான்காம் பாடம்: உறவினரும் அண்டை வீட்டாரும்

2020-இல் சோலிஹல் பகுதியில் இறந்த ஆர்தர் என்ற 6 வயதுச் சிறுவனின் பாட்டி, அவன் முதுகிலிருந்த காயங்களைக் கண்டு முன்கூட்டியே அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். காயங்களின் புகைப்படங்களும் இருந்தன. ஊழியர் வந்து பார்த்தபோது 'கவலைக்கிடமில்லை' என்று முடிவாயிற்று. அதே ஆண்டில் கீத்லி நகரில் இறந்த ஸ்டார் என்ற 16 மாதக் குழந்தைக்காகக் குடும்பத்தாரும் நண்பர்களும் ஐந்து முறை முறையிட்டனர். தாய் அமைத்துக்கொண்ட புதிய உறவு பிடிக்காமல் பழி சொல்கிறார்கள் என்று அது ஒதுக்கப்பட்டது. இவ்விரு குழந்தைகளையும் பற்றி 2022 மே மாதம் வெளியான தேசிய மீளாய்வு, நெருங்கிய உறவினரின் சொல்லுக்குச் செவி கொடுக்கத் தவறியதைப் பெரும் குறையாகக் காட்டுகிறது.

சொல்பவருக்கு உள்நோக்கம் இருக்கலாம். அதற்காகச் சொல்லப்பட்ட விஷயம் பொய்யாகிவிடாது. பகைவன் சொன்னாலும் தீப்பிடித்த வீடு எரியத்தான் செய்யும்.

ஐந்தாம் பாடம்: மறுபக்க ஆபத்து

இதையெல்லாம் படித்து, எல்லார் மீதும் சந்தேகம் கொண்டு புறப்பட்டுவிடலாகாது. 1987-இல் இங்கிலாந்தின் கிளீவ்லாந்து பகுதியில், ஒரு மருத்துவச் சோதனை முறையை அளவுக்கு மீறி நம்பி, சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக முடிவு செய்தார்கள். பலரை வீட்டிலிருந்து பிரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் வீடு திரும்பினர். இதை விசாரித்த நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் 1988-இல் தந்த அறிக்கையில், குழந்தையும் ஒரு மனிதப் பிறவி, நம் கவலைக்குரிய ஒரு பொருளன்று என்ற கருத்தை நினைவூட்டினார்.

கவனியுங்கள்: காப்பாற்றாமல் விட்டபோதும், அவசரப்பட்டுப் பிரித்தபோதும் நேர்ந்த தவறு ஒன்றே. இரு பக்கமும் குழந்தையின் சொல்லைப் பொறுமையோடு கேட்கவில்லை.

மேலும், பல சம்பவங்களில் பத்திரிகைகள் கடைநிலை ஊழியர் ஒருவரைப் பிடித்துக் கல்லெறிந்தன. அவ்வூழியர் தவறியது உண்மை. ஆனால் சுமக்க முடியாத அளவு கோப்புகளை அவர் தலையில் ஏற்றி, நெறிப்படுத்தாமல் விட்ட மேலதிகாரிகளே முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று லேமிங் அறிக்கை சொன்னது. பொறுப்பு பெரிதாகும்போது கணக்கும் பெரிதாகும். மதரஸா நிர்வாகிகளும் யதீம்கானா நிர்வாகிகளும் இதை மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்.

நாம் செய்ய வேண்டியது

இனி ஒரு சொந்தச் செய்தி. நான் ஓதிக் கொடுக்கத் தொடங்கிய புதிதில், 8 வயதுச் சிறுவன் ஒருவன் மக்தபுக்கு வந்துகொண்டிருந்தான். வாப்பா வெளிநாட்டில். ஒருநாள் அவன் கெண்டைக்காலில் கோடு கோடாகத் தழும்பு கண்டேன். அவனை அழைத்துப் போக வந்த சாச்சாவிடம் கேட்டேன். "மாமரத்துல ஏறி விழுந்துட்டான் அசரத்" என்றார். "அப்படியா தம்பி?" என்று அவர் எதிரிலேயே சிறுவனைக் கேட்டேன். தலையை ஆட்டினான். நானும் சமாதானமடைந்து, ஷிஃபாவுக்காகத் துஆச் செய்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அவன் வருவது நின்றது. அவன் வீடு நான்கு தெரு தள்ளித்தான். நான் போகவில்லை.

மரத்திலிருந்து விழுந்தால் காயம் கோடு கோடாகவா இருக்கும்? இந்தக் கேள்வி, மேற்சொன்ன அறிக்கைகளைப் படித்த அன்றுதான் என் நெஞ்சில் எழுந்தது. யாருக்கு அஞ்சி அச்சிறுவன் தலையாட்டினானோ, அவர் எதிரிலேயே நான் கேட்டேன். என்னுடைய கவனமும் பெரியவர் மீதே இருந்தது. ஆகவே இதைப் பிறருக்கு உபதேசமாக மட்டும் எழுதவில்லை.

ஓதிக் கொடுப்போரும், ஜமாஅத்தாரும், உறவினரும் கடைப்பிடிக்கக் கூடியவை இவை:

பிள்ளையிடம் மாற்றம் கண்டால், உடன் வந்த பெரியவர் காதில் விழாத இடத்தில், ஆனால் பிறர் கண்ணில் படும் இடத்தில் வைத்துப் பேசுங்கள். "அவர் அடித்தாரா?" என்று சொல்லை அதன் வாயில் போடாதீர்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டுக் காத்திருங்கள். பிள்ளைக்கு எந்த மொழி நன்றாக வருமோ அந்த மொழியில் கேளுங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்களிக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. கண்டதையும் கேட்டதையும் அன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள். உங்கள் ஊகத்தை வேறாகவும், பிள்ளையின் சொல்லை வேறாகவும் எழுதுங்கள்.

திடீரென்று வராமல் நின்ற பிள்ளையைத் தேடிப் போங்கள். நின்றுபோன வருகை ஒரு செய்தி.

குடும்ப மானம், மதரஸாவின் பெயர் என்று சொல்லி நமக்குள்ளேயே பேசி முடிக்காதீர்கள். இங்கிலாந்தில் பல சமயங்களையும் சேர்ந்த 38 அமைப்புகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை, நிறுவனத்தின் நற்பெயருக்கு அஞ்சிக் குற்றத்தை மறைக்கும் நோய் பரவலாக இருப்பதைக் காட்டிற்று. நம்மவரும் அதில் விலக்கில்லை. நம் நாட்டில் 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. பாலியல் குற்றமானால், அறிந்தவர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கத் தவறுவதே தண்டனைக்குரிய குற்றம் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. நாட்டுச் சட்டம் வற்புறுத்துவதற்கு முன்பே, அநீதியிழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்கச் சொல்லி மார்க்கம் நம்மை வற்புறுத்தியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. மரியாவின் அறிக்கை 1974-இல் சொன்னதையே விக்டோரியாவின் அறிக்கை 2003-இல் சொன்னது. அதையே 2013-இலும் 2022-இலும் வந்த அறிக்கைகள் சொல்லின. ஐம்பது ஆண்டுகளாக ஒரே பாடம். ஒவ்வொரு முறையும் அதை எழுத ஒரு சிறு கபுர் தேவைப்பட்டது. நூலில் எழுதப்பட்ட பாடம் மனிதன் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேராதவரை அது இல்மு ஆகாது. இதை நாம் நம் ஓதும் பள்ளிகளிலேயே தினமும் காண்கிறோம்.

நாளை மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் முகத்தை, அவர்கள் ஓதும் பாடத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்ப்போம். அவர்கள் ஒவ்வொருவரும் நம்மிடம் வந்த அமானிதம். உடையவன் கேட்கும் நாளில், "முன்பே அப்படித்தான் இருந்தது என்று சொன்னார்கள்" என்ற பதில் நமக்கு உதவாது.

வல்ல நாயன் நம் கண்களையும் செவிகளையும் திறந்து வைப்பானாக! ஆமீன்.